எறும்பு ஊர சுவிட்சும் தீயும்

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொல்லி வைத்தவர்கள் காலத்தில் சுவிட்ச் போர்டு கிடையாது. இருந்திருந்தால் பழமொழியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றியிருப்பார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இது பழகிப்போன காட்சி. காலையில் எழுந்து பார்த்தால் போர்டுக்கு நேர் கீழே பொடி மண் கொட்டிக் கிடக்கும். சுவிட்சைப் போட்டால் 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஃபேன் ஒருநாள் சுற்றும், ஒருநாள் சுற்றாது. இன்னொரு பக்கம் பிளக் பாயிண்டின் மூன்று ஓட்டைகளில் ஒன்றைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். வீட்டில் யாரோ முழுகாமல் இருக்கிறார்கள் போல என்று சொல்லி, பாட்டி அதைத் தொடவும் விடமாட்டார்.

சரி, அடுத்து என்ன செய்கிறோம்? கரப்பான்பூச்சி ஸ்பிரேயை எடுத்து ஓட்டைக்குள் நீட்டி 'புஸ்ஸ்' என்று ஒரே அடி. சில வீடுகளில் எறும்புச் சாக்பீஸைப் பொடியாக்கி உள்ளே ஊதுவார்கள். சில வீடுகளில் வேப்பெண்ணெய், சில வீடுகளில் மண்ணெண்ணெய். வேலை முடிந்தது என்று நினைப்பு.

இதில்தான் ஆபத்தே இருக்கிறது. அந்த ஸ்பிரே டப்பாவில் மருந்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எல்பிஜி மாதிரி எரியக்கூடிய வாயு. மருந்து கரைந்திருப்பதும் பல டப்பாக்களில் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த திரவத்தில். தீப்பொறி வரக்கூடிய ஒரு சின்னப் பெட்டிக்குள் இதை நிரப்புவது அடுப்புப் பக்கத்தில் பெட்ரோல் வைப்பது போல. தண்ணீர் கலந்த மருந்தென்றால் அது கரண்டைக் கடத்தும். சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத்தானே அடிக்கிறோம் என்று கேட்கலாம். சுவிட்சை ஆஃப் செய்தால் பிளக் பாயிண்டில்தான் கரண்ட் நிற்கும். போர்டுக்குப் பின்னால் வந்து சேரும் மெயின் ஒயரில் 230 வோல்ட் அப்படியேதான் இருக்கும்.

சரி, இத்தனை இடம் இருக்க எறும்பு ஏன் அங்கே போகிறது? உள்ளே இருட்டு, மழைத்தண்ணீர் படாது, லேசான வெதுவெதுப்பு, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இதைவிட நல்ல வாடகை வீடு எறும்புக்குக் கிடைக்காது. எறும்பைத் தேடிப் பல்லி வரும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இந்தத் தொல்லை இன்னும் பெரியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய நெருப்பெறும்புகள் அங்கே ஏசி பெட்டி, டிராஃபிக் சிக்னல் பெட்டி என்று எதையும் விட்டு வைப்பதில்லை. 1990களில் அங்கே நடந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைக் காட்டின. உறையில்லாத கம்பியைத் தொட்டு ஷாக் வாங்கிய எறும்பு சில ரசாயனங்களை வெளிவிடுகிறது. அந்த வாசனைக்கு மற்ற எறும்புகள் ஓடி வருகின்றன. வந்தவையும் ஷாக் வாங்கி அதையே செய்கின்றன. இப்படிச் செத்த எறும்புகள் சுவிட்சின் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே சேர்ந்து நசுங்கிக் கருகிப் போகின்றன. அதற்கப்புறம் முனைகள் சரியாகத் தொடாது. தொடாத இடத்தில் சூடு கிளம்பும்.

இந்தச் சூட்டை எம்சிபி கண்டுபிடிக்காது. அளவுக்கு மீறி கரண்ட் போனால்தான் அது விழும். ஆர்சிசிபியும் கண்டுபிடிக்காது. கரண்ட் வேறு வழியில் கசிந்தால்தான் அது விழும். எறும்பு கொண்டுவந்து போட்ட மண் மழைக்காலத்தில் ஈரமானால் ஒருவேளை ஆர்சிசிபி விழலாம். மற்றபடி நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மூன்றுதான்: பிளேட் மஞ்சளாவது, தொட்டால் சுடுவது, கருகிய வாடை.

அப்படியானால் எறும்பை எப்படித் தடுப்பது? முதலில் அது எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் சாதாரண பிளக் பாயிண்டின் பாதுகாப்பு அளவு பொதுவாக ஐபி 20. அதாவது 12.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது. மனித விரலுக்கு அது போதும். இரண்டு மில்லிமீட்டர் எறும்புக்கு அது கல்யாண மண்டப வாசல். எறும்பைத் தடுக்க வேண்டுமென்றால் முதல் எண் 4 ஆகவாவது இருக்க வேண்டும், அதாவது ஒரு மில்லிமீட்டர் கணக்கு.

ஆனால் முன்பக்க ஓட்டை சின்ன வாசல்தான். பெரிய வாசல் பின்னால் இருக்கிறது. கன்சீல்டு ஒயரிங் செய்த வீட்டில் சுவருக்குள் பைப் ஓடுகிறது. அது மேலே ஃபேன் பெட்டி வரைக்கும், சில வீடுகளில் மொட்டை மாடி வரைக்கும் போகிறது. பைப் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் யாரும் எதையும் அடைப்பதில்லை. தேவையில்லாமல் தட்டித் திறந்த ஓட்டைகளும் அப்படியே கிடக்கும். பெட்டிக்கும் பூச்சுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. எறும்புக்கு இது நான்கு வழிச் சாலை, அதுவும் டோல்கேட் இல்லாமல்.

ஆகவே ஓட்டைகளில் பிளாஸ்டிக் மூடி செருகினால் குளவி நிற்கும், எறும்பு நிற்காது. ஷட்டர் உள்ள பாயிண்ட் வாங்கினாலும் இதே கதைதான். அடையாளம் சுலபம். ஓட்டையின் வாயில் ஈர மண் ஒட்டியிருந்தால் குளவி, முன்பக்கம் மூடினால் போதும். போர்டுக்குக் கீழே பொடி மண் உதிர்ந்தால் எறும்பு, பின்பக்கம் அடைக்க வேண்டும்.

குளவிதானே என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2013 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தரையில் நின்ற ஒரு ஏர்பஸ் விமானத்தின் வேகமானிக் குழாயைக் குளவி மண்ணால் அடைத்துவிட்டது. புறப்பட்ட விமானம் அவசரமாகத் திரும்பி வந்து இறங்கியது. வழி என்னவோ எளிமையானதுதான்: விமானம் நிற்கும்போது குழாய்க்கு ஒரு மூடி.

வீட்டுக்கும் வழி எளிமையானதே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, போர்டைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் மண்ணைத் தட்டிவிட வேண்டும். கருகிய சுவிட்சை மாற்ற வேண்டும். பிறகு பைப் வாயையும் வேண்டாத ஓட்டைகளையும் சிலிக்கானால் அடைக்க வேண்டும். பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பூசிவிட வேண்டும். ஒரு டியூப் சிலிக்கான் சில நூறு ரூபாய்.

இதை யார் செய்ய வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி. வீடு கட்டும்போது கொத்தனார் இது எலக்ட்ரீஷியன் வேலை என்கிறார். எலக்ட்ரீஷியன் இது பூச்சு வேலை என்கிறார். பெயின்ட் அடித்தபின் ஓட்டை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. கடைசியில் பொறுப்பு, கையில் ஸ்பிரே டப்பாவோடு நிற்கும் அம்மாவிடமோ, ஹாஸ்டல் ரூமில் லேப்டாப் சார்ஜரோடு நிற்கும் பையனிடமோ வந்து விழுகிறது.

இது அவர்கள் வேலை இல்லை. புது வீடு கட்டுகிறவர்கள் பெயின்ட் அடிக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வாடகை வீட்டில் ஓனரும் ஹாஸ்டலில் நிர்வாகமும் இதைச் செய்து கொடுக்க வேண்டும். புகார் எழுதும்போதும் "எறும்பு மருந்து வையுங்கள்" என்று எழுதாமல், "போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டையை அடையுங்கள்" என்று எழுதிப் பாருங்கள். மருந்து கேட்டால் அடுத்த மாதமும் கேட்க வேண்டியிருக்கும்.