ஆளாத பெயரும் ஆளாத சொல்லும்

பெயரும் ஓர் உடைமையே. வணிகன் தன் பொருளுக்கு இட்ட பெயரைப் பதிந்து காக்கலாம், பிறர்க்கு விற்கலாம், கவர்ந்தவன்மேல் வழக்குத் தொடுத்து மீட்கலாம். ஆயினும் நிலவுடைமைக்கும் பெயருடைமைக்கும் ஒரு வேறுபாடுண்டு. தரிசாய்க் கிடப்பினும் நிலம் ஆவணமுடையவன் நிலமே. பெயரோ, தரிசாய்க் கிடந்தால் கைவிட்டுப் போகும். ஆள்பவனுக்கே பெயர் உரியது; இதுவே உலக நாடுகளின் வணிகக்குறிச் சட்டங்கள் பலவற்றுக்கும் அடிப்படை.

இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம், 47-ஆம் பிரிவில் இதனைத் தெளிவுற வகுத்துள்ளது. பதிவான ஒரு குறியை, அதனை நீக்குமாறு கேட்கும் முறையீட்டுக்கு மூன்று திங்கள் முன்வரை, ஐந்தாண்டோ அதற்கு மேலோ உரியவன் வணிகத்தில் மெய்யாக ஆளாதிருப்பின், அது பதிவேட்டினின்று நீக்கப்படலாம். அமெரிக்கச் சட்டமோ மூன்றாண்டு தொடர்ந்து ஆளாமையையே கைவிட்டமைக்கு முதற்சான்றாகக் கொள்கின்றது. வணிகத்தில் உண்மையான தடை இருந்ததாயின் மட்டும் இந்தியச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆத்திரேலியக் குழுமமொன்றின் ‘இசுபார்ட்டன்’ என்னும் வண்ணப்பூச்சுக் குறியைப் பற்றிய வழக்கில், இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஆளமுடியாமற் போனதைத் தக்க கரணியமென்று 2003-இல் இந்திய உச்ச முறைமன்றம் ஏற்றுக்கொண்டது.

பெயர் கைவிட்டுப் போகும் வழி இன்னொன்றும் உண்டு. அஃது இதற்கு நேர்மாறானது. ஒருவன் பெயரை ஊரெல்லாம் பொருட்பெயராகவே வழங்கத் தொடங்கின், அப்பெயர் அவனுக்குரிய குறியாக நில்லாது பொதுப்பெயராகிவிடும். செருமனியின் பேயர் குழுமம் 1899-இல் பதிந்த ‘ஆசுப்பிரின்’, பொதுமக்களளவில் அம் மருந்தின் பெயரே ஆயிற்றென்று 1921-இல் அமெரிக்க மன்றம் தீர்ப்புரைத்தது. நகரும் படிக்கட்டுக்கு ஓட்டிசுக் குழுமம் வைத்திருந்த ‘எசுக்கலேட்டர்’ என்னும் குறி 1950-இல் நீங்கியது. அக்குழுமம் தன் விளம்பரங்களிலேயே அதனைப் பொதுப்பெயராக ஆண்டமை அதற்கு எதிர்ச்சான்றாயிற்று. ‘தெர்மாசு’ 1963-இல் பொதுப்பெயரென்று முடிவாயிற்று. அவ்வழக்கிற் காட்டிய கணக்கெடுப்பில், அக்கலத்தை அறிந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர் அதனைத் ‘தெர்மாசு’ என்றே கூறினர். ‘வெற்றிடக் குடுவை’ என்னும் பொருளுடைய ஆங்கிலப் பொதுச்சொல்லைக் கூறினோர் ஏறத்தாழ 11 பேரே.

இதனாலேயே பெருங்குழுமங்கள் தம் பெயர் பொதுச்சொல்லாகிவிடாதபடி விழித்திருந்து காக்கின்றன. கிரேக்கத்தில் உலர்வைக் குறிக்கும் சொல்லினின்று செய்யப்பட்ட ‘செராக்சு’ என்னும் பெயருக்குரிய குழுமம், படியெடுத்தலுக்குத் தன் பெயரைப் பொதுவினையாக வழங்க வேண்டாவென்று பல்லாண்டுகள் விளம்பரம் செய்தது. அக்குறியை நீக்குமாறு இந்தியாவில் எழுந்த முறையீட்டை, அறிவுடைமை மேன்முறையீட்டு வாரியம் 2012-இல் தள்ளியது. அவ்வாரியம் 2021-இற் கலைக்கப்பட்டதாயினும், குறி உரியவனிடமே நின்றது.

இனித் தமிழகத்துத் தெருக்களைக் காண்க. பொறியைச் செய்தவன் யாவனாயினும், கடைப்பலகையில் இருப்பது ‘செராக்சு’. பள்ளிப் பிள்ளை கேட்பது ‘செராக்சு’. அரசு அலுவலகத்தில் இணைக்கச் சொல்வதும் ‘செராக்சு’. பெயருக்குரியவன், “என் பெயரை இவ்வாறு ஆளற்க, உம் பொதுச்சொல்லையே ஆள்க” என்கின்றான். தமிழனோ, “எனக்கு வேறு சொல் இல்லை” என்று அப்பெயரையே பற்றித் தொங்குகின்றான்! பிறன் பதிந்த பெயரைத் தன் கடைக்கு எழுதிக்கொள்வது வழக்குக்கு இடந்தரும் செயலென்பதும் அவன் நினைவில் இல்லை.

சொல் இல்லாமலா போயிற்று? ஆவணத்தின் மறுவடிவுக்குப் ‘படி’ என்பது தமிழ். 12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடந்த ஓலை வழக்கில், நம்பியாரூரர் கிழித்தது படியோலையே என்று முதியவராய் வந்த இறைவன் உரைக்கின்றார். ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த மரபு அண்மைக் காலம்வரை தொடர்ந்தது. படி, படியெடுத்தல், படியகம் என எளிய சொற்கள் கைக்கெட்டும் அளவில் உள்ளன. ‘நகல்’ என்னும் அரபுச் சொல்லையும் நாட வேண்டுவதில்லை.

“மக்களுக்கு விளங்க வேண்டாவா?” என்று சிலர் வினவுவர். விளக்கம் வழக்கினின்று வருவது. ‘அபேட்சகர்’ போய் ‘வேட்பாளர்’ வந்தது. ‘அக்கிராசனர்’ போய்த் ‘தலைவர்’ வந்தார். இன்று எந்த வாக்காளர்க்கு வேட்பாளர் என்பது விளங்கவில்லை? ஆண்டனர், விளங்கிற்று. ஆளாதிருந்தால் படி என்னும் ஈரெழுத்துச் சொல்லும் விளங்காமற் போகும்.

கடைப்பலகை தமிழில் இருக்க வேண்டுமென்று தமிழக அரசின் விதி உள்ளது. அதனை நிறைவு செய்வதாக எண்ணி, அயற்பெயரைத் தமிழெழுத்தால் எழுதி வைப்போர் மிகப் பலர். எழுத்து தமிழாதல் போதாது. சொல்லும் தமிழாதல் வேண்டும்.

அயலாட்சியும் வடமொழி மேலாண்மையும் தமிழ்ச்சொற்களை அவையேற விடாத காலம் ஒன்றிருந்தது. அக்காலத்துத் தமிழர், “தடை இருந்தது, ஆகலின் ஆளவில்லை” என்று சொல்லின் ஏற்கலாம். வண்ணப்பூச்சு வழக்கில் முறைமன்றம் ஏற்றதும் அத்தகைய கரணியத்தையே. இன்று, கடைவாயிலிற் ‘படியகம்’ என்று எழுதுவதை எந்தச் சட்டம் தடுக்கின்றது? கடைக்காரரிடம் “இரண்டு படி எடுத்துத் தருக” என்று கேட்க எந்த ஆட்சியின் இசைவு வேண்டும்?

பதிவேட்டினின்று நீங்கிய குறியைக் கட்டணம் கட்டி மீண்டும் பதியக் கேட்கலாம். மக்கள் நாவினின்று நீங்கிய சொல்லை மீட்க அத்தகைய பதிவகம் இல்லை. மக்களே அதனை மீண்டும் ஆளல் வேண்டும். ஆகலின் தமிழுணர்வுடைய ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் மாணவரிடத்தும், அலுவலர் தம் சுற்றறிக்கையிலும், கடையுடையார் தம் பலகையிலும் ‘படி’ என்னும் சொல்லை இன்றே வழங்கத் தொடங்குக. பிறன் பெயர் அவனிடமே இருக்கட்டும். தமிழன் சொல் தமிழன் வாயில் இருக்கட்டும்.