துறையில் அழிந்த பெருங்கலம்

கடலிற் செல்லும் கலத்திற்குப் புயலும் பனிப்பாறையும் பகை என்பது யாவரும் அறிந்ததே. ஆயின், துறையிற் கட்டுண்டு நின்ற ஒரு பெருங்கலம் நகரத்தார் கண்ணெதிரே தீப்பட்டு அழிந்த வரலாற்றை எண்ணுங்கால், அவ்விரண்டினுங் கொடிய பகை மாந்தரின் கவனக்குறைவே என யாம் கருதுகின்றோம்.

பிரெஞ்சு நாட்டின் ஸான் நஸேர் துறையிற் கட்டப்பெற்ற 'நார்மண்டி' என்னும் பயணிக் கப்பல், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயார்க் நோக்கி முதற்பயணம் புறப்பட்டது. 1,000 அடிக்கு மேற்பட்ட நீளமுடைய அக்கலம், அப்பயணத்திலேயே அட்லாண்டிக் கடலை விரைந்து கடப்பதில் முதன்மை பெற்றது. அதன் உணவு மண்டபம் மட்டுமே 300 அடி நீளமுடையது. 1939இல் போர் மூண்டதும் அது நியூயார்க் துறையில் ஒதுங்கிற்று. 1941 டிசம்பரில் அமெரிக்க அரசினர் அதனைக் கைக்கொண்டு, 'லாஃபயெட்' எனப் பெயர் மாற்றிப் படைவீரரை ஏற்றுங் கலமாகத் திருத்தலாயினர்.

1942 பிப்ரவரி 9ஆம் நாள், அதன் பெருங்கூடத்தில் இரும்பை வெட்டுங்கால் தெறித்த பொறி, இலவம்பஞ்சு அடைத்த மிதவைச் சட்டைகளின் குவியலிற் பற்றியது. கப்பலின் தீக்காப்பு அமைப்போ திருத்தப் பணியின்போது துண்டிக்கப்பட்டிருந்தது. நகரத் தீயணைப்போரின் குழாய்களோ பிரெஞ்சுக் கப்பலின் வாய்களுக்குப் பொருந்தவில்லை. பின்னர்ப் படகுகளினின்று பொழிந்த நீர் மேல்தளங்களில் தேங்க, கலம் ஒருபுறஞ் சாய்ந்தது. அதனை வகுத்தமைத்த யூர்கேவிச் என்பார் துறைக்கு விரைந்து வந்து, அடிப்பகுதியின் அடைப்புகளைத் திறந்து நீரை உட்புகவிட்டால் கலம் நிமிர்ந்தபடியே தரையில் அமரும் என்றார். அவர் சொல் ஏற்கப்படவில்லை. நள்ளிரவு கடந்தபின் அது கவிழ்ந்தது. ஓர் உயிரும் மாண்டது.

பகைவர் சதியென்று பலர் ஐயுற்றனர். ஆராய்ந்தோர் கண்டதோ கவனக்குறைவே. இதே கப்பற் குழுவினரின் 'பாரிஸ்' என்னுங் கலம் 1939 ஏப்ரலில் லெ ஹாவ்ர் துறையில் தீப்பட்டுக் கவிழ்ந்திருந்தது. அவ்வெச்சரிக்கை இருந்தும் பயனென்னை?

போர்க்காலத்தில் விரைவு இன்றியமையாதது என்று சிலர் கூறுவர். அவ்விரைவினால் விளைந்த ஊதியம் யாது? அக்கலம் படைவீரர் ஒருவரையேனும் போர்முனைக்குக் கொண்டு சென்றதில்லை. 1943இல் அரும்பாடுபட்டு நிமிர்த்தினர். எனினும் பயன்படாமையின், போருக்குப் பின் உடைத்து விற்றனர். ஒரு நாழிகைக் காவலை மிச்சப்படுத்தி, ஒரு பெருங்கலத்தையே இழந்த கணக்கு இது.

அதன் உணவு மண்டபக் கதவுகள் இன்று புரூக்ளினில் ஒரு தேவாலயத்தை அணிசெய்கின்றன. கண்ணாடி ஓவியப் பலகைகள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சிச்சாலையில் உள்ளன. அவற்றைக் கண்டு வியத்தல் தகும். ஆயினும், மாணவ நண்பர்காள், அவ்வழகினும் மிகுதியாக நாம் நினைவிற் கொள்ளத்தக்கது பொருந்தாத அக்குழாய் வாயே. மக்கள் கூடும் மண்டபங்களிலும் விடுதிகளிலும் நீர்க்குழாய் பொருந்துமா, வாயில் திறக்குமா என்று தீப்பற்றுமுன் சோதித்தறிதல் சிறு செயலே. அதனைச் செய்வோரே அக்கலத்தை உண்மையில் நினைப்போராவர்.