நிற்பதற்கா பெற்றோம் பிள்ளைகளை?

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்துப் பஸ் நிலையங்களில் பள்ளிப் பரீட்சை முடிவு வந்த கையோடு ஒரு காட்சியைக் காணலாம். மீசை அரும்பாத பையன்களும் பாவாடை தாவணிப் பருவம் தாண்டாத பெண்களும் ஆளுக்கொரு பையோடு சென்னை பஸ்ஸுக்குக் காத்து நிற்பார்கள். வழியனுப்ப வந்த தாயிடம் கேட்டால், "கடை வேலைங்க. சோறு போட்டு, தங்க இடமும் தாராங்களாம். நம்ம ஊர்க்காரர் கடைதான்" என்று ஆறுதலாகச் சொல்வாள்.

"நம்ம ஊர்க்காரர் கடை!" இந்த வார்த்தைக்குள் இருப்பது பாசமா, பாசக்கயிறா என்று உழைப்பாளி மக்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கடை வளர்ந்த கதை

எல்லாச் சரக்கையும் ஒரே கூரையின் கீழ் அடுக்கி விற்கும் பெருங்கடை நமது நாட்டில் பிறந்ததல்ல. பாரிஸ் நகரத்தில் 1850-களில் தலையெடுத்தது அந்த வியாபாரம். வடக்கே பனி பெய்யும் பின்லாந்தில், ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் சரக்கு விற்ற கடையிலிருந்து 1862-இல் ஸ்டாக்மன் கம்பெனி கிளம்பியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1863-இல், சென்னையில் வெள்ளைத் துரைமாருக்கென்று ஸ்பென்ஸர் கம்பெனி கிளம்பியது. நாடு வேறு, பாஷை வேறு. ஆனால் முறை ஒன்றுதான். பளபளக்கும் கண்ணாடிக்கு முன்னால் வாங்குகிறவர் உலவுவார். பின்னால் கூலிக்கு அமர்த்திய ஆள் நிற்பார்.

நூறு வருஷம் கழிந்தபின் இந்த வியாபாரத்தை நமது ஜில்லாக்காரர்கள் கையில் எடுத்தார்கள். திருச்செந்தூர் பக்கம் பணிக்கநாடார் குடியிருப்பிலிருந்து சென்னை போன சகோதரர்கள், 1970-ஐ ஒட்டித் தியாகராயநகர் ரங்கநாதன் தெருவில் சிறிய பாத்திரக் கடை போட்டார்கள். அதுதான் சரவணா ஸ்டோர்ஸ். பாத்திரத்தோடு துணி, துணியோடு நகை, நகையோடு மளிகை என்று மாடிக்கு மேல் மாடி ஏறியது. பின்னர் குடும்பக் கிளைகள் பிரிந்து தனித்தனிப் பெருங்கடைகளாக வளர்ந்தன. குறைந்த லாபம், மலையளவு விற்பனை என்பது அவர்கள் கண்ட வழி. கையில் அதிகமில்லாத ஏழை எளியவர்கள் கூசாமல் உள்ளே நுழைந்து தீபாவளித் துணி எடுத்தார்கள். இதை நாம் மறுக்கவில்லை. வெறுங்கையோடு போனவர்கள் பாடுபட்டார்கள் என்பதையும் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. சின்னக் கடையில் முதலாளியும் நின்றார், பையனும் நின்றான். கடை மலையானபின் நிற்பது யார்?

கால்கள் சொல்லும் கணக்கு

தேரிக்காட்டில் பனையேற்றம் நசித்தது. உப்பளத்தில் வெயிலும் கண்ணெரிச்சலும் போக மழைக்காலத்தில் வேலையும் கிடையாது. மானாவாரிப் புஞ்சை வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. ஆகவே பனையேறி மகனும் உப்பளத் தொழிலாளி மகளும் பஸ் ஏறுகிறார்கள். பெருங்கடைகளுக்கு மலிவான கால்கள் கிடைத்த ரகசியம் இதுதான். 2010-இல் வந்த "அங்காடித் தெரு" படத்தைப் பார்த்து ஊரே அழுதது. அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் மறுபடி பிள்ளைகளை ஏற்றி விட்டது!

அப்படிப் போய் ஆறு வருஷம் கழித்துத் திரும்பிய ஒரு பெண்ணை நாம் சந்தித்தோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நின்றவள். புடவையை விரித்துக் காட்டுவதும் நின்றுகொண்டே. கூட்டமில்லாத மத்தியானத்தில் சும்மா இருப்பதும் நின்றுகொண்டே. சுவரில் சாய்ந்தால் சூப்பர்வைசர் வருவார். அவர் வராவிட்டால் காமிரா பார்க்கும். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் புழுக்களைப் போலச் சுருண்டு நிற்கின்றன. "இருபத்தஞ்சு வயசுல பாட்டி மாதிரி நடக்கேன் அண்ணாச்சி" என்றாள். இந்த நரம்புக்கு எந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தில் பற்று எழுதியிருக்கிறது?

கால் மட்டுமா? 2008 செப்டம்பர் 1-ஆம் தேதி ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கட்டடத்தில் தீப்பற்றி இரண்டு ஊழியர்கள் மாண்டார்கள். 2011 அக்டோபர் கடைசியில் அந்தத் தெருவில் விதிமீறிக் கட்டியவை என்று பல கடைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2017 மே 31 அன்று தி.நகரில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்து, இடித்துத் தள்ள வேண்டியதாயிற்று. மாடி உயர்ந்த வேகத்தில் பந்தோபஸ்து உயரவில்லை.

சட்டம் வந்த ஆமை வேகம்

உட்காருவது என்பது யாரோ போடும் பிச்சை அல்ல. இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் ஆசனம் வீதம் போட வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். நின்று வேலை செய்யும் தொழிலாளிக்குச் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டுமென்று நமது நாட்டில் 1948-ஆம் ஆண்டுப் பாக்டரிச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு சொல்லியது. அதாவது, மில் தொழிலாளிக்கு அந்த உரிமை எழுத்தில் வந்துவிட்டது. கடைத் தொழிலாளி? அவள் கதவுக்கு வெளியே நின்றாள்!

கதவைத் தட்டியவர்கள் கேரளத்துப் பெண்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்களைத் திரட்டியது "பெண்கூட்டு" என்ற அமைப்பு. திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் பெண்கள் 2014 டிசம்பர் கடைசியில் கடைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்கள். நூறு நாளைக் கடந்தது அந்த "இருக்கைப் போராட்டம்". 2018-இல் கேரளச் சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. அதன்பின் 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபையும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது அந்தப் பிரிவு. இங்கிலாந்துக் கடைப் பெண்ணுக்கு ஆசனம் வந்து 122 வருஷம் கழித்து நமது மகளுக்கு முக்காலி வந்தது!

முக்காலி வந்தது; உட்கார அனுமதி வந்ததா? நாம் போய்ப் பார்த்த கடைகள் சிலவற்றில் முக்காலி மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் வந்தால் வெளியே வரும். போனால் உள்ளே போகும்.

சாக்குகளுக்குப் பதில்

"ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கைக்காரருக்கு மரியாதைக் குறைவு" என்கிறார்கள். வாடிக்கைக்காரர் யார்? பஞ்சாலைத் தொழிலாளி, விவசாயக் கூலி, துறைமுகச் சுமைக்காரர். தன் மகள் வயதுப் பெண் காலில் நீர் கோத்து நிற்பதுதான் தனக்கு மரியாதை என்று இவர்களில் யார் கேட்டார்?

"சோறும் இடமும் தருகிறோமே" என்கிறார்கள். வண்டி மாட்டுக்கும் வைக்கோலும் தொழுவமும் உண்டு. எட்டு மணி நேரத்துக்குமேல் நிற்க வைக்கும் இடத்தில் சோற்றைத் தர்மம் என்று சொல்லாதே. அது வாங்கிய உழைப்பில் திருப்பித் தரும் ஒரு துளி.

"நாங்களும் உங்கள் ஊர்தானே, உங்கள் சாதிசனம்தானே" என்பது கடைசி அஸ்திரம். இந்தக் கரையின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறோம். வெள்ளையன் காலத்து முத்துச் சலாபத்தில் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. கரையிலிருந்த சர்க்காருக்கு மூன்றில் இரண்டு. மூழ்கியவன் கழுத்தில் முத்து ஏறவில்லை. இன்று கடலுக்குப் பதில் கண்ணாடிக் கடை, மூச்சுக்குப் பதில் கால். பங்கு பிரிக்கிறவர் நம் பாஷை பேசுகிறார் என்பதற்காகப் பங்கு கூடிவிட்டதா? தீபாவளி போனஸ் கேட்டால் ஊர்ப்பாசம் எங்கே ஓடி ஒளிகிறது?

கோரல் மில் கற்றுத் தந்த பாடம்

தூத்துக்குடி மக்களுக்கு இதை வேறு யாரும் வந்து கற்றுத் தர வேண்டியதில்லை. 1908 பிப்ரவரி 27-ஆம் தேதி ஹார்வி துரைமாரின் கோரல் மில் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். கூலி உயர்வும் வார ஓய்வும் கேட்டார்கள். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஊரே நின்றது. மில்லுக்காகப் பரிந்து பேசிய வக்கீலுக்குப் பாதிச் சவரத்தில் எழுந்து போனார் ஒரு நாவிதத் தொழிலாளி என்று இன்றும் சொல்வார்கள். சில தினங்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. துரை மனமிரங்கிக் கொடுத்த ஓய்வு அல்ல அது. ஊர் ஒன்றுபட்டு வாங்கிய ஓய்வு.

கடையில் நிற்கிற பிள்ளை தனியாள். ஊரை விட்டு, தாயை விட்டு, அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பயந்து நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டும். ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமல்ல.

பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் தாய் தகப்பன்மார் சம்பளம் கேட்பதோடு, எத்தனை மணி நேரம், வார லீவு எந்த நாள், உட்கார இடம் உண்டா என்றும் வாய்விட்டுக் கேளுங்கள். ஜவுளி எடுக்கப் போகும் தொழிலாளிகளே, "முதலில் நீ உட்காரம்மா, அப்புறம் புடவையைக் காட்டு" என்று சூப்பர்வைசர் காதில் விழச் சொல்லுங்கள். மில்லிலும் துறைமுகத்திலும் யூனியன் கட்டிய அனுபவம் உள்ளவர்கள் லீவுக்கு வரும் கடைப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பேசுங்கள். தொழிலாளர் இலாகா மேஜைக்கடியில் கிடக்கும் முக்காலியை எண்ணாமல், அதில் உட்கார்ந்திருக்கும் ஆளை எண்ணட்டும்.

சட்டம் காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. நமது பிள்ளைகள் இன்னும் நிற்கிறார்கள். நூலை நூற்றவன் நாம், பஞ்சை விளைவித்தவன் நாம், அதை விற்கும் கால்களும் நமது கால்களே. அந்தக் கால்கள் இனி முதலாளியின் உத்தரவுக்காக நிற்க வேண்டாம். நியாயத்துக்காக எழுந்து நிற்கட்டும். அதுவரை, கிடைத்த முக்காலியை இழுத்துப் போட்டு, தலை நிமிர்ந்து உட்காரட்டும்!