கைத்தறியைக் காப்பது யாருக்காக?

கைத்தறியைக் காப்பாற்ற வேண்டுமென்று சொல்லாத பெரிய மனிதர் இன்று நம் நாட்டில் இல்லை. 2015 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டு 7-ந் தேதி தேசியக் கைத்தறி நாளும் கொண்டாடப்படுகிறது. அன்றைய மேடைகளில் "பழம்பெருங் கலை, தெய்வீகக் கலை" என்று பேசப்படுவதைக் கேட்டால், நெசவாளியின் வயிறு புகழ்ச்சியாலேயே நிரம்பிவிடும் என்றுதான் எண்ணத் தோன்றும்.

ஆனால் உண்மைச் சங்கதி என்ன? 2019-20-ல் சர்க்கார் எடுத்த கைத்தறிக் கணக்குப்படி, இத்தொழிலில் உள்ளவர்கள் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பெண்கள். நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்கூட இல்லையென்று அக்கணக்கே சொல்லுகிறது.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். ஆகையால் தறியில் கூட ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். அந்த ஒருவர் வெகுகாலம் பள்ளிக்குப் போகாத குழந்தையாகவே இருந்து வந்தது. தார் சுற்றுவதும் பாவுக்கு உதவுவதும் மனைவியின் வேலை. கூலி மட்டும் சேலைக்கு இவ்வளவென்று புருஷன் கையில்! அப்பெண்ணின் உழைப்புக்குத் தனிக் கணக்கே கிடையாது.

இந்நிலையில், "நெசவாளி மகன் தறியை விட்டு ஓடுகிறானே, கலை அழிகிறதே" என்று சிலர் கண்ணீர் வடிக்கிறார்கள். வக்கீல் மகன் டாக்டருக்குப் படித்தால் வக்கீல் தொழில் அழிந்ததென்று யாராவது அழுதார்களா? அரைநாள் படிப்பு, அரைநாள் தகப்பன் தொழில் என்று 1953-ல் வந்த திட்டம் 1954-ல் ஒழிந்தது. அதே எண்ணம் இன்று "பாரம்பரியம்" என்ற பெயரில் பின்வாசல் வழியாக வருவதை நாம் ஒப்ப முடியாது.

அப்படியானால் கைத்தறி ஒழியட்டும் என்கிறோமா? இல்லவே இல்லை. கைத்தறிக்கென்று சில துணிகளை ஒதுக்கி 1985-ல் சட்டம் செய்யப்பட்டது. முதலில் 22 வகையாக இருந்த ஒதுக்கீடு பிறகு 11 ஆகக் குறைந்தது. அதையாவது ஒழுங்காக நடத்தி, விசைத்தறித் துணியைக் கைத்தறியென்று விற்கும் மோசடியைத் தடுக்கட்டும். தறியில் உட்காரும் இரண்டாம் ஆளுக்கும், தார் சுற்றும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூலி அவரவர் கையில் கிடைக்கட்டும். உடல் நோவைக் குறைக்கும் கருவி வந்தால் "பழமை கெடும்" என்று யாரும் தடுக்க வேண்டாம்.

தோழர்களே! கல்யாணத்துக்குப் பட்டெடுக்கும்போது சரிகையின் எடையைக் கேட்கிறோம்; முகூர்த்த நிறமும் கேட்கிறோம். நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தீர்களென்று ஒரு தரமாவது கேட்டதுண்டா? இனிக் கேளுங்கள். படித்த பிள்ளை, எந்த ஜாதியில் பிறந்தவனாயினும், இதில் மானமாகப் பிழைக்கலாம் என்று தானே வந்து தறியில் உட்காரும் நாள் வந்தால்தான் கைத்தறி பிழைத்ததாக அர்த்தம். மற்றதெல்லாம் வெறும் மேடைப் பேச்சேயாகும்.