எட்டு உயிர் போனதை ஏன் சொல்லவில்லை?



திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போன பத்துப் பேருக்கு 2022-23இல் மூளையில் கிருமித் தொற்று ஏற்பட்டது. அவர்களில் எட்டுப் பேர் இறந்துபோனார்கள். ஊர் மக்களுக்கும் தமிழ்நாட்டுக்கும் இது பரவலாகத் தெரியவந்தது 2025 மே மாதத்தில்தான். அதுவும் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் ஆய்வுக் கட்டுரை வந்து, அதைச் செய்தியாளர்கள் எடுத்து எழுதிய பிறகு. பல் வலிக்கு மருந்து தேடிப் போனவர்கள் எதனால் செத்தார்கள் என்பதை ஓர் ஆங்கில மருத்துவ இதழைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் மக்களை வைத்திருந்தது எந்த வகையில் நியாயம்?

நடந்ததைக் கண்டுபிடித்தவர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரே பகுதியிலிருந்து ஒரே மாதிரியான நோயாளிகள் அடுத்தடுத்து வருவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கவனித்தார்கள். 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை அப்படி 21 பேர். பெரும்பாலோர் திருப்பத்தூர் மாவட்டத்துக்காரர்கள். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் வாதம் என்று வந்தார்கள். மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சென்னையிலுள்ள மத்திய அரசின் தொற்றுநோயியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து விசாரித்தபோது, 21 பேரில் பத்துப் பேர் அந்த ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்தவர்கள் என்று தெரிந்தது.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். இதை உண்டாக்கும் பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வயலில் இறங்கி வேலை செய்பவர்களையும், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளையும் தாக்கும். மூளைக்குப் போவது அபூர்வம். ஆனால் அந்த மருத்துவமனையோடு தொடர்புடைய பத்துப் பேரில் எட்டுப் பேர் இறந்தார்கள். வேறு வழியில் இதே தொற்று வந்த மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர்தான். பல் சிகிச்சையின்போது கிருமி வாய்க்குள் நேரடியாகச் சென்று, நரம்பு வழியாக மூளையைச் சென்றடைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கிருமி எங்கிருந்து வந்தது? ஒரு சலைன் பாட்டிலிலிருந்து. பல்லையும் ஈறையும் கழுவப் பயன்படுத்தும் உப்புநீர் பாட்டில் அது. ஈறை எலும்பிலிருந்து விலக்கப் பயன்படும் கருவியைச் சுத்திகரிக்காமலே எடுத்து, அதைக் கொண்டு பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு ஒப்புக்கு மூடிவைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த பாட்டிலில் அதே பாக்டீரியா இருந்தது சோதனையில் உறுதியானது.

இது மருத்துவத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட சிக்கலும் அல்ல, யாராலும் தவிர்க்க முடியாத விபத்தும் அல்ல. நோயாளியின் வாய்க்குள் போகும் கருவிகளை ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பத்தில் நீராவி அழுத்தத்தில் குறைந்தது 15 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும் என்பதும், ஒருவருக்குத் திறந்த பாட்டிலை இன்னொருவருக்குத் தொடக்கூடாது என்பதும் பல் மருத்துவ மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே கற்றுத்தரப்படும் பாடம். நான்காண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்து வருகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தும் செய்யாமல் விட்டால் அதைக் கண்டுபிடிக்கவும் தட்டிக்கேட்கவும் ஆள் இல்லை என்பதுதான் இங்கே குறை.

அதே 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். உடனே அந்த உணவகம் மூடப்பட்டது. மாநிலம் முழுவதும் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கடை கடையாக ஏறிச் சோதனை செய்தார்கள். கெட்ட இறைச்சியைக் கைப்பற்றி அழித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அது சரியான நடவடிக்கை. எட்டுப் பேர் செத்த வாணியம்பாடிக்குப் பிறகு அப்படி ஓர் அலையைத் தமிழ்நாடு பார்க்கவில்லையே! ஷவர்மாக் கடைக்கு ஒரு நீதி, பல் மருத்துவமனைக்கு ஒரு நீதியா?

வெளியே சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், பல் மருத்துவமனைப் பக்கமே வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. மெலியாய்டோசிஸ் சிலருக்கு உடனே வெளிப்படும். சிலருக்கு மாதக்கணக்கில் மறைந்திருந்து தலைகாட்டும். அந்த மருத்துவமனைக்குப் போய் வந்த அத்தனை பேருக்கும் செய்தி போயிருந்தால், காய்ச்சல் வந்தவுடனே தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியிருப்பார்கள். கிருமியைச் சரியாக அடையாளம் கண்டால் கொல்லக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதுதான் உயிரைக் காக்கும். நோயாளிக்குத் தகவல் என்பதும் ஒரு சிகிச்சைதான்.

மௌனத்தால் அதிகம் அடிபடுவது நேர்மையான பல் மருத்துவர்கள். கருவிகளை உறையிலிட்டுச் சுத்திகரித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை மாற்றி, புதுப் பாட்டில் திறப்பவருக்குச் செலவு கூடுகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில் குறைந்த கட்டணத்துக்குப் பல் பிடுங்குகிறவரிடம் கூட்டம் போகிறது. இருவருக்கும் உள்ள வேறுபாடு வெளியே நிற்கும் நோயாளிக்குத் தெரிய வழியே இல்லை. வாணியம்பாடியில் தோல் ஆலையிலும் ஷூ கம்பெனியிலும் தினக்கூலிக்குப் போகிறவர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு 60 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வேலூருக்குப் போக முடியாது. பக்கத்தில் இருக்கும் பலகையை நம்பித்தான் உள்ளே போவார். அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் தர வேண்டியது அரசு.

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 1997இலேயே இயற்றியது. அதற்கான விதிகள் வந்ததோ 2018இல். 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவைக்கச் செய்வதோடு இந்தச் சட்டங்களின் வேலை முடிந்துவிடக் கூடாது. ஆட்டோகிளேவ் வேலை செய்கிறதா, திறந்த சலைன் பாட்டில் மேசையில் கிடக்கிறதா என்று முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பார்க்கும் அதிகாரி வேண்டும்.

சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியவை நான்கு. வாணியம்பாடி விசாரணை அறிக்கையையும், பொறுப்பானவர்கள் மீது எடுத்த நடவடிக்கையையும் தமிழில் வெளியிட வேண்டும். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நேரில் விளக்கம் சொல்லி, இழப்பீடு தர வேண்டும். மாவட்டந்தோறும் பல் மருத்துவமனைகளை ஆய்வு செய்து, முடிவை ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் ஒட்ட வேண்டும். ஒரே மருத்துவமனைக்குப் போன இருவருக்கு மேல் தொற்று வந்தால், அந்தத் தகவலைச் சில நாட்களுக்குள் மக்களிடம் சொல்லியாக வேண்டும் என்று விதி செய்ய வேண்டும்.

பல் மருத்துவர் சங்கங்களுக்கும் கடமை உண்டு. தொழிலின் பெயர் கெட்டுவிடும் என்று தவறு செய்தவரைக் காப்பாற்றுவதைவிட, அவரைத் தள்ளிவைப்பதே தொழிலைக் காக்கும்.

அதுவரை நோயாளிகள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கருவி வைத்த உறையைத் தங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லலாம். புதுப் பாட்டில்தானா என்று கேட்கலாம். கேட்டதற்காக முகம் சுளிக்கும் மருத்துவமனையாக இருந்தால், நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆம்பூர்.