கொஞ்சம் வேக வச்சுக் குடுங்களேன் அண்ணாச்சி

பப்பாளி கூடாது. அன்னாசி கூடாது. எள்ளுருண்டை இருக்கிற திசைப் பக்கமே போகக் கூடாது. கிரகணத்தன்னைக்கு வெளியே தலைகாட்டக் கூடாது, அரிவாமனையைத் தொடக் கூடாது. மல்லாந்து படுத்தா அப்படியே எந்திரிக்கக் கூடாது, ஒருக்களிச்சுத் திரும்பித்தான் எந்திரிக்கணும். வயித்துல ஒரு உசுரு தங்கியிருக்குன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து எங்க தெருவுல அத்தனை பேரும் எனக்கு டாக்டர். பால்காரர் உட்பட. பஸ்ல பக்கத்துல உக்காந்த, பேர் தெரியாத ஆச்சி ஒருத்தங்க என் டிபன் டப்பாவை எட்டிப் பார்த்துட்டு, "கத்திரிக்கா சூடுட்டி, ஆகாது"ன்னு சொல்லிட்டுப் பத்தமடையில இறங்கிப் போயிட்டாங்க.

சரி, அக்கறை. ஒத்துக்கிறேன்.

இவ்வளவு அக்கறை உள்ள ஊர்ல, "அண்ணாச்சி, இந்தக் கோழி உள்ளே வேகலை"ன்னு ஒரு பிள்ளைத்தாச்சி ஹோட்டல்ல வாயைத் திறந்து சொன்னா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? கடையே பதறும், அடுப்படி அலறும், வேற தட்டு ஓடி வரும். அப்படித்தானே?

"பிள்ளைத்தாச்சின்னா வீட்லயே சாப்பிட வேண்டியதுதானக்கா?"

இதுதான் வந்துச்சு. சப்ளையர் பையன் கோவமா எல்லாம் சொல்லலை. சிரிச்சுக்கிட்டே, ரொம்ப அன்பாத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரியுது.

வீட்ல சாப்பிடலாம்தான். ஆனா மாசாமாசம் செக்கப்புன்னும் ஸ்கேன்னும் பாளையங்கோட்டைக்குப் போய், வரிசையில உக்காந்து எந்திரிச்சு, ஜங்ஷன்ல பஸ் பிடிச்சு, பேட்டை, சுத்தமல்லின்னு குலுங்கிக்கிட்டு சேர்மாதேவியில வந்து இறங்கும்போது வயித்துக்குள்ள ரெண்டு பேருக்குப் பசிக்கும். அப்புறம் இன்னொன்னு. இதை யார்கிட்டயும் சொல்ல முடியலை, உங்ககிட்ட சொல்றேன். எங்க வீட்டு அடுப்படியில கடுகு தாளிச்சா எனக்குக் குமட்டுது. அதே மூக்குக்கு மெயின் ரோட்டுப் பரோட்டாக் கடை சால்னா வாசம் வந்தா வாய் ஊறுது. மசக்கை மனுசனுக்கு மனுசன் வேற மாதிரி. எனக்கு இப்படி. அத்தைகிட்ட இதைச் சொல்லிப் பாருங்களேன், தைரியம் இருந்தா!

ஹோட்டல் பேரு வேண்டாம். எந்த ஹோட்டலா இருந்தா என்ன. பரோட்டா, பிச்சுப் போட்ட கோழி, சிக்கன் 65, ஆப்பாயில். வாசல்ல கிரில் சுத்திக்கிட்டிருக்கும், உள்ளே ஏசி ரூம்ல ஏசி இருக்காது. நான் கேட்டது ஒரு லெக் பீஸ் வறுவல். வந்தது. மேல நல்ல செக்கச்செவேல்னு மொறுமொறுப்பு. பிச்சா, உள்ளே சதை கண்ணாடியா மினுங்குது. எலும்பை ஒட்டி ரத்தம்.

"இது எலும்பு ரத்தம்க்கா. பிராய்லர்னா அப்பிடித்தான் இருக்கும்."

இங்கே நான் நியாயமாப் பேசிடணும். அவன் சொன்னது முழுப் பொய் இல்லை. பிராய்லர் கோழியை ஆறு வாரத்துக்கெல்லாம் வெட்டிடுறாங்க. எலும்பு முத்தியிருக்காது, உள்ளே இருக்கிற மஜ்ஜையோட நிறம் சதைக்குக் கசியும். ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா இன்னும் கூடுதலாக் கசியும். நல்லா வெந்த கோழியில கூட எலும்பு ஓரம் செவப்பாவோ கறுப்பாவோ தெரியலாம். அதனால நிறத்தை மட்டும் வச்சு வெந்துச்சா வேகலையான்னு தீர்ப்பு சொல்ல முடியாது. சதைக்கு நடுவுல 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்கான்னு பார்க்கணும், அதுதான் கணக்கு. அதுக்குன்னு குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. நம்ம மாஸ்டர்கிட்ட 74 டிகிரின்னு சொன்னா, "எந்த ஊரு வெயில்க்கா அது?"ம்பாரு.

எல்லாம் சரி. என் பீஸ் நடுவுல சில்லுன்னு இருந்துச்சே? மஜ்ஜை கசிஞ்சா சில்லுன்னு இருக்குமா?

அதையும் கேட்டேன். இந்தத் தடவை கல்லாவுல இருந்து அண்ணாச்சியே எந்திரிச்சு வந்தாங்க. தட்டைப் பார்த்தாங்க. என் வயித்தைப் பார்த்தாங்க. எங்க வீட்டுக்காரரைப் பார்த்து, "என்ன தம்பி?"ன்னாங்க. அதாவது என்கிட்ட கேட்கலை. சாப்பிட்டது நானு, கேள்வி அவருக்கு! அவரு வழக்கம்போல, "விடுங்கண்ணாச்சி, கொஞ்சம் சூடு பண்ணிக் குடுத்தாப் போதும்"னுட்டாரு. தட்டு உள்ளே போச்சு. ரெண்டு நிமிசத்துல திரும்பி வந்துச்சு. அதே பீஸ். நான் கடிச்ச இடம் அப்படியே, பல் தடத்தோட, கறுகறுன்னு. கொதிக்கிற எண்ணெயில போட்டு எடுத்திருக்காங்க. என் எச்சில் பட்டதை எந்தச் சட்டியில போட்டாங்களோ, அதே சட்டியிலதான் பக்கத்து டேபிள் 65-ம் வெந்துக்கிட்டிருக்கும்னு நினைச்சப்ப, சாப்பிடாமலே எனக்குப் புரட்டுச்சு. பில்லு? முழு பில்லு. அஞ்சு சதவீத ஜிஎஸ்டியோட. ஜிஎஸ்டி மட்டும் நல்லா வெந்திருந்துச்சு.

பக்கத்து டேபிள் அம்மா என்கிட்ட குனிஞ்சு, "ஆசைப்பட்டதைத் தின்னுட்டுப் போம்மா, இந்த நேரத்துல மனசுல கொற வைக்கக் கூடாது"ன்னாங்க. இவங்கதான் அஞ்சு நிமிசம் முன்னாடி என் பையில அன்னாசி ஜூஸ் பாட்டிலைப் பார்த்துட்டு, "ஐயையோ!"ன்னு நெஞ்சுல கை வச்சவங்க.

இதுதான் எனக்குப் புரியவே இல்லை. அன்னாசிக்குப் பதறுற ஊரு, பச்சைக் கறிக்கு ஏன் பதறலை? அரைவெந்த கறியில, ஆப்பாயில் மஞ்சக் கருவுல சால்மோனெல்லா இருக்கலாம். நல்லா வேகாத ஆட்டுக்கறியில டோக்ஸோபிளாஸ்மா இருக்கலாம், அது தாய்கிட்ட இருந்து நேரா பிள்ளைக்கே போகும். லிஸ்டீரியான்னு ஒன்னு, ஃப்ரிட்ஜ் குளிர்லயும் சாகாம வளருற கிருமி. மத்தவங்களை விடக் கர்ப்பிணிகளுக்கு அது தொத்த சுமார் பத்து மடங்கு வாய்ப்பு கூடங்கிறாங்க. அம்மாவுக்கு லேசாக் காய்ச்சல், உடம்பு வலி, அவ்வளவுதான் தெரியும். உள்ளே பிள்ளைக்கு உசுரே போகலாம். கொடுமை என்னன்னா, சாப்பிட்டு வாரக்கணக்குல ஆன பிறகும் அது தலைகாட்டலாம். அப்போ எந்தக் கடை, எந்தத் தட்டுன்னு யாரைப் போய்ப் பிடிக்க? பில்லு அன்னைக்கே குப்பைக்குப் போயிருக்கும். வாந்தி பேதின்னு வந்து படுத்தாலும், மத்தவங்களுக்கு எழுதுற எல்லா மாத்திரையையும் எனக்கு எழுத முடியாது.

அரசாங்கமும் பாவம், அதோட பங்குக்கு என்னவோ செய்யுது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல 18,000 ரூபா உதவி. அதுல ஊட்டச்சத்துப் பெட்டகம்னு நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் வச்சுக் குடுக்காங்க. நர்சம்மா ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைஞ்சாலும் வீட்டுக்கு போன் பண்ணுதாங்க. இவ்வளவு பார்த்துப் பார்த்து ஏத்துற ரத்தத்தை ஒரு லெக் பீஸ் கவுத்துப்புடும்.

சரி, ஏன்தான் வேக மாட்டேங்குது? தெரியாமலா? நெல்லைச் சீமையில கோழி வறுக்கத் தெரியாதவன் உண்டா? விசயம் வேற. பீஸு ஃப்ரீசர்ல கல்லா இருக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு இறக்கி வச்சு, கல்லு மாதிரி உறைஞ்சது இளகின பிறகு வறுக்கணும். ஞாயித்துக்கிழமை ராத்திரி கூட்டத்துல அதுக்கு யாருக்குப் பொறுமை? அப்படியே புகையுற எண்ணெயில போட்டா மேல ரெண்டு நிமிசத்துல செவந்துடும், உள்ளே சூடு போய்ச் சேரவே சேராது. சிவப்பு மசாலா வேற, பச்சையை மறைச்சுடும். ஷவர்மா கதையும் இதேதான். கம்பியில சுத்துற கறியில வெளிப்பக்கம் மட்டும்தான் நெருப்பு படும், அந்த வெந்த தோலை மட்டும் மெல்லிசாச் சீவணும். வரிசை நீளமாச்சுன்னா கத்தி ஆழமா இறங்கும். உள்ளே இருக்கிற பச்சையும் சேர்ந்து ரொட்டிக்குள்ள சுருண்டுக்கும்.

அந்த அவசரம் எங்கே கொண்டு விடும்னு நமக்குத் தெரியாதா? 2023 செப்டம்பர்ல நாமக்கல்ல ஒரு ஹோட்டல் ஷவர்மா சாப்பிட்டு 14 வயசுப் பிள்ளை ஒருத்தி செத்தே போனா. அந்தக் கடையில சாப்பிட்ட 40-க்கும் மேல பேரு ஆஸ்பத்திரியில. அதுல ஒரு கர்ப்பிணியும் உண்டு. அவளை நினைச்சாத்தான் எனக்கு அடிவயித்துல பிடிக்கும். அதுக்கு முந்தின வருசம் மே மாசம், காசர்கோடு மாவட்டம் செறுவத்தூர்ல 16 வயசுப் பிள்ளை. அதே ஷவர்மாதான். நாமக்கல் நடந்ததும் தமிழ்நாடு பூரா ரெய்டு போனாங்க. கடை கடையாக் கறியை அள்ளி அழிச்சாங்க, டிவியில காட்டினாங்க. கொஞ்ச நாளைக்கு ஊர்ல ஷவர்மா போர்டு எல்லாம் துணி போட்டு மூடிக் கெடந்துச்சு. அப்புறம்? துணியை எடுத்தாச்சு. 2025 ஏப்ரல் 8-ல இருந்து பச்சை முட்டை மயோனைஸுக்கு ஒரு வருசத் தடை போட்டாங்க. நல்ல காரியம். தடை வந்த பிறகு ஒரு கடையில, "இது முட்டை மயோனைஸாடே?"ன்னு கேட்டேன். "வெள்ளை மயோனைஸ்க்கா"ன்னான்.

புகார் குடுக்கலாமேன்னு கேட்பீங்க. குடுக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்அப் நம்பரே இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும். கல்லாவுக்கு மேல சாமி படத்துக்குப் பக்கத்துல பதினாலு இலக்க லைசென்ஸ் நம்பரும் மாட்டியிருக்கு, அதுக்கும் சேர்த்துத்தான் சந்தனம் வைக்காங்க. நான் போட்டோ எல்லாம் எடுத்தும் வச்சுட்டேன். அனுப்பப் போற நேரத்துல அத்தை வந்தாங்க. "ஏட்டி, அந்த ஹோட்டல்காரன் பொண்டாட்டி நம்ம மகளிர் குழுவுல இருக்கா. நாளைக்கு லோனுக்கு அவ கையெழுத்தும் வேணும். பேசாம இரு." பெரிய ஊர்ல சாப்பிட்டவனும் சமைச்சவனும் ஒருத்தரை ஒருத்தர் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. இங்கே கோயில் கொடையிலயும் ரேஷன் கடை வரிசையிலயும் முகத்துல முழிச்சாகணும். புகார் குடுத்தவளுக்குத்தான் கெட்ட பேரு. கறியை வேக வைக்காதவன் எப்பவும் நல்ல மனுசன், கஷ்டப்பட்டு முன்னேறினவன்.

இத்தனைக்கும் எங்க சேர்மாதேவி சாப்பாட்டுக்காகச் சண்டை போட்ட ஊரு. 1925 வாக்குல, இங்கே வ.வே.சு. ஐயர் நடத்தின குருகுலத்துல பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாச் சாப்பாடு போட்டாங்கன்னு கிளம்பின பிரச்சினை வரதராஜுலு நாயுடு, பெரியார்னு வளர்ந்து, காந்தி வரைக்கும் போய், தமிழ்நாட்டுக் காங்கிரஸையே ரெண்டா நிறுத்துச்சு. யாரு யாரோட உக்காந்து சாப்பிடுறதுன்னு கேட்கிறதுக்கு அன்னைக்கு ஆள் இருந்துச்சு. இன்னைக்கு எல்லாரும் ஒன்னா உக்காந்து ஒரே வேகாத கோழியைத் தின்னுக்கிட்டிருக்கோம். கேட்டா, "அக்கா ரொம்ப சென்சிட்டிவ்."

எனக்கு இப்போ பட்டப்பேரே வச்சாச்சு. அதே ரோட்டுல வேற ஒரு கடைக்கு ஒரு நாள் போனோம். நான் எந்த பீஸா இருந்தாலும் முதல்ல நடுவுல பிச்சு, வெளிச்சத்துல காட்டிப் பார்த்துட்டுத்தான் வாயில வைக்கேன். அதுக்குள்ள இங்கேயும் சேதி வந்திருக்கு. வாசல்ல காலை வைக்கும்போதே சப்ளையர் உள்ளே பார்த்து, "மாஸ்டர், ஃபுட் இன்ஸ்பெக்டர் அக்கா வந்திருக்காக, பாத்துப் போடுங்க!"ன்னு கத்துதான். கடையே திரும்பிப் பார்க்குது. எங்க வீட்டுக்காரரு மெனு கார்டுக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டாரு.

கொஞ்சம் நேரம் கழிச்சுத்தான் வந்துச்சு. பிச்சுப் பார்த்தேன். எலும்பு வரைக்கும் ஆவி பறக்க வெந்திருந்துச்சு. உதிருது. அப்போ தெரியுது, இல்லையா? தெரிஞ்சேதான் இருந்திருக்கு இத்தனை நாளும்.

பக்கத்து டேபிள்ல ஒரு சின்னப் பய லெக் பீஸைக் கடிச்சுக்கிட்டிருந்தான். அது "பாத்துப் போடுங்க"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே வந்த பீஸு. மனசு கேட்காம நான் லேசா எட்டி அவன் தட்டைப் பார்த்தேன். அவங்கம்மா தட்டை அந்தப் பக்கமா நகர்த்தி வச்சுட்டு என்னை ஒரு முறை முறைச்சா பாருங்க. வாயும் வயிறுமா இருக்கிற பொம்பளை சின்னப் பிள்ளை தட்டுல கண்ணு வைக்காளாம்.