நாற்பதுக்குப் பிறகு பாட்டுப் படிக்கலாமா?



போன மாதம் எங்கள் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். வயது 48. சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, நீங்கள் பாட்டு வகுப்புக்குப் போறீங்களாம். எனக்கும் சின்ன வயதில இருந்து ஆசை. இந்த வயதில போனா சனம் சிரிக்காதா? முதல் நாள் அங்க என்ன செய்யச் சொல்லுவாங்க?"

அவருக்குச் சொன்னதையே இந்த மாதம் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். நான் பாடகி அல்ல. பிந்தித் தொடங்கிய ஒரு மாணவி. அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

உப்புவெளியில் வாழ்கிறவள் நான். 1990 ஆம் ஆண்டு என் கணவரை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அதன் பிறகு 22 வருடங்கள் நான் வாய்விட்டுப் பாடியதில்லை. மகளைத் தூங்க வைக்கும்போதுகூட முதுகில் தட்டிக் கொடுப்பேனே தவிரப் பாட மாட்டேன். 2012 இல், எனக்கு 46 வயது நடக்கும்போது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் விறாந்தையில் காத்திருப்பது என் வேலையாக இருந்தது. ஒரு நாள் ரீச்சர் வெளியே வந்து, "ஏன் அக்கா வெளியில இருக்கிறீங்க? உள்ள வந்து இருங்க. சும்மா இருக்கிற நேரத்துக்குச் சேர்ந்து பாடுங்க" என்றார். அவருக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. அப்படித்தான் தொடங்கியது.

முதல் நாள்

முதல் நாளில் பாட்டுச் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். நிமிர்ந்து உட்காரச் சொல்லுவார்கள். முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் கதிரையில் இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு சுருதிப்பெட்டியைப் போடுவார்கள். இப்போது பல ரீச்சர்மார் கைத்தொலைபேசியிலேயே சுருதி வைக்கிறார்கள். அந்த ஓசையைக் கேட்டு "சா" என்று ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கச் சொல்லுவார்கள்.

உங்கள் குரலுக்கு எத்தனை கட்டை பொருந்தும் என்று பார்க்கத்தான் இது. கட்டை என்பது ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்த சொல். குரல் எந்த உயரத்தில் சிரமமில்லாமல் நிற்கும் என்பதை அது காட்டும். பெண்கள் பெரும்பாலும் நாலரை முதல் ஐந்தரைக் கட்டைக்குள் பாடுவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் கொஞ்சம் கீழே இறங்குவது இயல்பு. பள்ளிக்கூடத்தில் பாடிய உயரத்துக்கு இப்போது எட்டவில்லை என்றால் குரல் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கட்டையைக் குறைத்து வைத்தால் சரி.

முதல் நாள் "சா" சரியாக வராது. எனக்கு வந்தது காற்றுத்தான். ரீச்சர் சிரிக்கவில்லை. "பாடாதீங்க அக்கா. வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேளுங்க" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய பாடம். சுருதி சேராததற்குப் பல வேளைகளில் காரணம் தொண்டை அல்ல, நாம் கேட்காமல் அவசரப்பட்டுப் பாடுவதுதான். பிறவியிலேயே சுர வித்தியாசம் தெரியாதவர்கள் மிகச் சிலர். "எனக்குப் பாட வராது" என்று சொல்லும் மற்றவர்கள் எல்லோரும் பழகாதவர்கள், அவ்வளவுதான்.

முதல் மூன்று மாதம்

முதலில் கீழ்ச் சா, பா, மேல் சா. பிறகு சரளி வரிசை. இந்தப் பயிற்சி முறையை ஒழுங்குபடுத்தியவர் புரந்தரதாசர் (1484–1564) என்பார்கள். மாயாமாளவகௌளை என்னும் இராகத்தில் தொடங்குவோம். பெயர்தான் நீளம். அந்த இராகத்தில் ச, ரி, க, ம என்று ஏறும்போது என்ன இடைவெளிகள் வருமோ அதே இடைவெளிகள்தான் ப, த, நி, ச என்று ஏறும்போதும் வரும். முதலில் கிட்ட, பிறகு எட்ட, பிறகு கிட்ட. பாதி பழகினால் மற்றப் பாதியும் பிடிபட்டுவிடும்.

கையால் ஆதி தாளமும் போட வேண்டும். ஒரு தட்டு, பிறகு சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை, அதன் பின் தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மொத்தம் 8. வாய் பாடும்போது கை நின்றுவிடும். கை போடும்போது வாய் நின்றுவிடும். ஆறு வாரமாக எனக்கு இதே கதைதான். பிறகு ஒரு நாள் தானாகச் சேர்ந்தது.

இந்த நாட்களில் உங்களுக்கு நடக்கக்கூடிய வேறு சிலவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். பாதி வரியில் மூச்சு முடிந்துவிடும். குரல் நடுங்கும். கொட்டாவி வரும். உங்களோடு சேர்ந்த பத்து வயதுப் பிள்ளை இரண்டு வாரத்தில் உங்களைத் தாண்டிப் போய்விடும். பிள்ளைகளுக்கு வெட்கம் இல்லை, பிழை விட்டாலும் அடுத்த சுரத்துக்குப் போய்விடுவார்கள். நாங்கள் ஒரு பிழை விட்டால் அதையே நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் ஏன் பிழைத்தது என்று விளங்கிக்கொள்வதில் பெரியவர்களுக்குத்தான் கெட்டித்தனம் கூட.

உங்கள் குரலைத் தொலைபேசியில் பதிந்து கேட்டால் "இது என்ர குரலா?" என்று திடுக்கிடுவீர்கள். பேசும்போது நம் குரல் காதால் மட்டுமல்ல, தலை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறது. பதிவில் அந்தப் பகுதி இருக்காது. அதனால்தான் அந்நியமாகத் தோன்றுகிறது. எல்லோருக்கும் இதே கதிதான்.

கீதம் வரைக்கும் போக ஒரு வருடமும் ஆகலாம். வெறும் சரளி வரிசை அலுத்துப்போனால், சின்னப் பாட்டு ஒன்று சேர்த்துச் சொல்லித் தரும்படி ரீச்சரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

நமது உடம்புக்கு ஏற்றபடி

போர் எங்கள் உடம்பிலும் பல அடையாளங்களை விட்டிருக்கிறது. அதை ரீச்சருக்கு முதலே சொல்லிவிடுங்கள். ஷெல் சத்தத்தில் ஒரு காது மந்தமானவர்கள், நல்ல காது சுருதிப்பெட்டியின் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை செய்தவர்களும், உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்களும், நீளமாக மூச்சுப் பிடிக்கும் பயிற்சிக்கு முன் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

விறகு அடுப்புப் புகை தொண்டைக்கு ஆகாது. அடுப்பு மூட்ட முன்னர் விடியற்காலையில் பாடிப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் பாடுவதை விடத் தினமும் 15 நிமிடம் பாடுவது பயன் தரும். வீட்டில் வெட்கம் என்று நான் கடற்கரைக்குப் போய்ப் பாடிப் பார்த்தேன். அது பிழை. அலைச் சத்தத்துக்கு மேலாகப் பாடப் போய்க் கத்தத் தொடங்கிவிடுவோம். தடிமன், காய்ச்சல் நேரத்தில் பாட வேண்டாம். பாடும்போது தொண்டை நோகக் கூடாது. நொந்தால் நிறுத்துங்கள். குரலடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கண்ணீர் வரும்

இதை ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நாலாம் வகுப்பில் "பா" என்ற சுரத்தை நீட்டிப் பிடித்தபோது எனக்கு அழுகை வந்தது. பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை, வெறும் சுரம். பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. எழும்பப் பார்த்தேன். ரீச்சர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "இருங்க அக்கா. பாடாட்டிலும் பரவாயில்ல, இருங்க" என்று மட்டும் சொன்னார். ஏன் அழுகிறீர்கள் என்று கேட்கவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடமாக இந்தத் தொண்டையை அழுவதற்கும், விசாரணைகளில் பதில் சொல்வதற்கும்தான் பாவித்திருக்கிறேன். ஆழமாக மூச்செடுத்து வாய் திறந்தால் முதலில் அதுதானே வெளியே வரும்? உங்களுக்கும் வரலாம். வந்தால் பயப்படாதீர்கள். காரணம் சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. அடுத்த வகுப்புக்கு வாருங்கள், அது போதும்.

பாட்டு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்ற பின் மனச்சோர்வுக்கு ஆளான தாய்மாரைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2018 இல் வெளிவந்தது. குழுவாகச் சேர்ந்து பாடியவர்கள் மற்றவர்களை விட விரைவாகத் தேறினார்கள் என்று அது சொல்கிறது. ஆனால் நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல், வாழப் பிடிக்காமல் இருக்கிற சகோதரிகள் பாட்டு வகுப்பை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டுப் போங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

பாடினால் மறந்துவிட்டோம் என்றாகுமா?

"புருசன் இல்லாதவளுக்கு இந்த வயதில பாட்டு ஒரு கேடா?" என்று ஊர் கேட்கும். என்னையும் கேட்டது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் சொன்னார்கள். ஊர் வாயைவிடக் கடினமானது எங்கள் மனம் கேட்கும் கேள்வி. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மா என்னிடம் சொன்னார்: "நான் பாடினா அவன் இல்லை எண்டு நானே ஒத்துக்கொண்டது போல ஆகாதா, பிள்ளை?"

இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. பின்னர் ஒரு சம்பவத்தை வாசித்தேன்.

எங்கள் உப்புவெளியில் நிலாவெளி வீதியோரம் இருக்கும் போர்க் கல்லறைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதே போரில், சுமாத்திரா தீவில் உள்ள பலம்பாங் என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான பெண்களை ஜப்பானிய இராணுவம் தடுத்து வைத்திருந்தது. ஒல்லாந்து, பிரித்தானிய, அவுஸ்திரேலியப் பெண்கள். சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, கணவன்மார் எங்கே என்று தெரியாது. அங்கே நோரா சேம்பர்ஸ், மார்கரட் ட்ரைபர்க் என்ற இரண்டு பெண்கள் சுமார் 30 பேரைச் சேர்த்துப் பாடப் பழக்கினார்கள். வாத்தியங்கள் இல்லாததால் வாத்திய இசையை நினைவில் இருந்து எழுதி, சொற்களே இல்லாமல் குரலால் பாடினார்கள். நிற்கப் பலம் இல்லாததால் இருந்துகொண்டு பாடினார்கள். முதல் நிகழ்ச்சி 1943 டிசம்பர் 27 இல் நடந்தது. பின்னர் பசியாலும் நோயாலும் அவர்களில் பலர் இறந்துபோக, 1945 இல் பாட்டு நின்றுபோனது. மார்கரட் ட்ரைபர்க்கும் அந்த வருடமே இறந்தார்.

அந்தப் பெண்கள் தங்கள் துயரத்தை மறந்தவர்கள் அல்ல. துயரத்துக்குள் இருந்துகொண்டே பாடினார்கள். எங்கள் கிழக்கு மாகாணத்துப் பெண்களுக்கும் இது புதிதில்லை. எங்கள் அம்மாமார் ஒப்பாரி வைத்தார்கள், தாலாட்டினார்கள், வயலில் பாடினார்கள். தாலாட்டியவளும் ஒப்பாரி வைத்தவளும் ஒருத்திதானே? அந்த அம்மாவிடம் போய், "நீங்கள் தேடுவதை நிறுத்த வேண்டாம் அம்மா. தேடுகிறவளுக்கும் மூச்சு வேண்டும்" என்று சொன்னேன். அவர் இன்னும் வகுப்புக்கு வரவில்லை. வரச்சொல்லி நான் நெருக்கவும் இல்லை.

என் கணவருக்குப் பிடித்த ஒரு பாட்டு இருக்கிறது. அதை இப்போது பாடும் அளவுக்குக் குரல் வந்துவிட்டது. ஆனாலும் இன்னும் பாடவில்லை. அதுவும் என் விருப்பம்தான்.

எங்கே போய்க் கேட்பது?

• உங்கள் ஊர்ப் பாடசாலையில் சங்கீதம் படிப்பிக்கும் ரீச்சரிடம் கேளுங்கள். பலர் மாலையில் வீட்டில் வகுப்பு வைக்கிறார்கள்.

• பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்துக் கேளுங்கள். உப்புவெளிச் சகோதரிகளுக்கு அது திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம்.

• கோவில்களில் பண்ணிசை வகுப்பு, தேவாலயங்களில் பாடகர் குழு நடக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார்கள்.

• பணம் கொடுக்கிற வகுப்பு என்றால் மாதக் கட்டணத்தை முதலே கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் சில ரீச்சர்மார் குறைத்து எடுப்பார்கள். கூச்சமும் குறையும்.

• பரீட்சை பற்றி முதல் வருடம் யோசிக்க வேண்டாம். 1931 இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை நடத்துகிறது. விருப்பம் வந்தால் பிறகு பார்க்கலாம்.

ஒரு வருடம் விஜயதசமியன்று வகுப்பில் ஏடு தொடக்கினார்கள். மங்கல காரியம் என்று நான் வழமைபோலச் சுவரோடு ஒதுங்கி நின்றேன். ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு முன்னால் முதல் வரிசையில் இருத்தினார். "முதலில் அக்கா பாடட்டும்" என்றார். பாடினேன். "சா" நடுங்கத்தான் செய்தது. பாடி முடிக்கும் வரைக்கும் ஒருவரும் என்னை எழும்பச் சொல்லவில்லை.

உங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.